ஸ்ரீவராகத்து மாமி வீட்டு வாழை

கல்லாறு டிஸ்பென்சரியில, "இனி இலவச மருந்து கிடையாது, சர்க்கார் நிறுத்தியாச்சு"ன்னு போன மாசமே கம்பவுண்டர் கைய விரிச்சிட்டாரு.

அதனால இன்னைக்கு இருமுற மகளையும் காலிக் குப்பியையும் தூக்கிக்கிட்டு, பஸ் ஏறி திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். "கல்லாறுக்காரங்க கல்லாறுலதான் வாங்கணும்"ன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க.

வெளிய பஸ்ஸுக்கு நிக்கேன். பக்கத்துல ஸ்ரீவராகத்து மாமி ஒருத்தி. அவ கையில குப்பி நிறைய, என் மகளுக்கு முன்ன குடுத்துட்டிருந்த அதே சிவப்பு இருமல் மருந்து. வேளைக்கு எவ்வளவுன்னு அளவு வெட்டி ஒட்டின காகிதம்கூட இன்னும் காயல. என் கண்ணு அதவிட்டு நகரவே மாட்டேங்குது.

"மாமிக்கு இருமலா?"ன்னு கேட்டேன்.

"ஆமாம்மா. ஆத்துக்காரருக்கு கவர்மெண்ட் உத்தியோகம், எங்களுக்கு ஃப்ரீ. ஆனா ஒரே கசப்பு, யார் குடிக்கறா? போன குப்பியைக் கொல்லையிலே வாழைக்குக் கொட்டிட்டேன்."

'அப்ப இத எனக்குத் தாங்க'ன்னு கேக்க வாயெடுக்கதுக்குள்ள அவ பஸ் வந்துட்டு. ஏறிப் போயிட்டா.

மாமி மேல பொறாமைதான், மறைக்கல. ஆனா அந்த வாழை மேல அதவிடப் பொறாமை.

ஸ்ரீவராகம் பக்கம் போறவங்க யாராவது, அதுக்கு இருமல் நின்னுட்டான்னு பார்த்துச் சொல்லுங்க.