தண்ணீர் என்று கத்தாதவர்

ரத்தினசாமி ஆற்றில் முழங்கை வரை கையை விட்டு, எடுத்து, முகர்ந்து பார்க்கிறார். கோடையில் கசிந்தோடும் தண்ணீருக்குப் பாசி வாசம் உண்டு. அணையின் அடியிலிருந்து வருவது சில்லென்றிருக்கும், சேற்று நாற்றம் அடிக்கும். இன்றைக்கு நாற்றம் இல்லை. அதற்காக நிம்மதி வந்துவிடுமா? நிம்மதி அவர் ஜாதகத்திலேயே கிடையாது.

கோபாலபுரம் சாலைக்குத் தெற்கே, ஆற்றில் நட்ட அளவுகல்லைப் பார்த்துச் சொல்வது அவருக்கு சர்க்கார் கொடுத்த வேலை. மேலே மலையில் அணை கட்டிய பிறகு ஆறு என்ன ஆகிறது, கரைக் கிணறுகளில் ஊற்று எப்படி, மீன் தங்குகிறதா என்று ஆபீசுக்குத் தெரிய வேண்டுமாம். அவரோ கல்லைவிடக் கிழக்கே வளைவைத்தான் அதிகம் பார்க்கிறார். அங்கே கொக்குக் கூட்டம் எழும்பினால் தண்ணீர் வருகிறது என்று அவர் கணக்கு. அணையில் ஷட்டர் திறந்தால் ஆபீசுக்குப் போன் வரும், அங்கிருந்து ஆள் சைக்கிளில் வந்து சொல்வார். "சைக்கிள் வாரதுக்குள்ள தண்ணி வந்து ஆளை அள்ளீட்டுப் போயிருமுங்க" என்பார் ரத்தினசாமி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஊர் சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார்.

காரணம் இருக்கிறது. கோடையில் வரும் முதல் தண்ணீரைப் பெண்கள் எதிர்கொண்டு போய், மஞ்சள் தூவிக் கும்பிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். முந்தியெல்லாம் ஆறு மெல்ல வந்து காலை நனைக்கும். இப்போது முன்னால் வருவது விரலளவு, பின்னால் வருவது ஆளுயரம். எழுபத்திரண்டாம் வருஷம் "தண்ணி வருது" என்று இவர்தான் கத்தினார். கரையேற வேண்டியவர்கள் மஞ்சள் தட்டோடு கும்பிட மணலில் இறங்கினார்கள். பக்கத்து வீட்டு வள்ளியாத்தாள் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து தண்ணீர் என்ற சொல்லை ஆற்றங்கரையில் அவர் உரக்கச் சொன்னதில்லை.

இந்த அழகில் மனைவி நாச்சம்மாள் அந்த ஆற்று மணலிலேயே வெள்ளரி போட்டிருந்தாள். சொந்தமாகக் காடு கழனி கிடையாது, மணலுக்கோ பட்டா கேட்பவர் இல்லை. "ஏனுங்க, கல்லையே பாத்துட்டிருந்தாச் சோறு வேகுமுங்களா?" என்பாள். இடுப்பு மடியில் மஞ்சளும் கற்பூரமும் எப்போதும் இருக்கும். முதல் தண்ணீரைத் தான்தான் முதலில் கும்பிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதை நினைத்தாலே இவருக்குச் சோறு இறங்காது.

போன சித்திரையில் ஒருநாள் முற்பகல், வளைவில் கொக்குகள் எழும்பின. சற்று நேரத்தில் மணல் நடுவே ஓடிய தண்ணீர் விரல் தடிமன் ஏறியது. கையை விட்டார், சில்லிட்டது. மணலில் ஏழெட்டுப் பெண்கள் வேலையாக இருந்தார்கள். தண்ணீர் என்று சொன்னால் கும்பிட நின்றுவிடுவார்கள். பிறகு எங்கிருந்து வந்ததோ அந்தப் புத்தி, கத்தினார்: "கடந்தை கலஞ்சிருச்சு, அல்லாரும் மேல ஓடுங்க."

கூட்டமாகக் கொட்டினால் ஆளையே கொன்றுவிடும் குளவி அது. கடந்தைக்குப் பயப்படாதவர் இந்தச் சீமையில் இல்லை. முந்தானையைத் தலையில் போர்த்திக்கொண்டு பெண்கள் கரையேறினார்கள். நாச்சம்மாள் மட்டும் குடத்தோடு நின்றாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குப் புருஷன் சொல்லும் பொய் தெரியாதா? "கடந்தை எங்கீங்க? தண்ணியில்லீங்களா வருது" என்று சிரித்துக்கொண்டே மடியை அவிழ்த்தாள்.

ரத்தினசாமி மணலில் குதித்து ஓடினார். அவள் முந்தானையைப் பிடித்து, வெள்ளரிக் கொடிகளை மிதித்துக்கொண்டு இழுத்து வந்தார். இருவரும் கரையில் கை ஊன்றித் திரும்பியபோது மணலையே காணோம். குடம் ஒருதரம் மேலே வந்து, சுழன்று, உள்ளே போனது.

நாச்சம்மாள் தன் தோட்டம் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "ஏனுங்க, அளவு பாக்கோணுமல்லங்க? போங்க, நா எங்கியும் போகுலீங்க."

அவர் எழுந்து, அளவுகல் தெரியும் மேட்டுக்கு நடந்தார். முந்தானை இன்னும் அவர் கையில் சுருட்டியபடி இருந்தது. ஊரே பார்க்க, அவளும் பின்னாலேயே நடந்தாள்.