நேசையன் வாசித்த புதுத்தாள்

நேசையன் கிளாரினெட்டைக் கையில் எடுத்தபோது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. மணவாளக்குறிச்சிக்கு வடக்கே ஒரு சிற்றூரில் பனையேறிப் பிழைத்தவர். வாத்தியம், இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பிய மைத்துனன் வாசிக்கத் தெரியாமலே கொண்டுவந்தது.

“பேரன் எடுக்கிற வயசில பீப்பி ஊதணுமாக்கும்?” என்றாள் மனைவி தேவகனி.

“ஏட்டி, வேணும்னா காதைப் பொத்திக்க.”

அது 1931. ஊர்க் கிறிஸ்தவ சபையின் பாண்டு வாத்தியக் குழுவில் ஓர் இடம், அவ்வளவுதான் அவர் வேண்டியது. பாண்டை நடத்திய குமாரதாஸ் இருபத்தாறு வயது ஆசிரியர். முன்பு பார்க்காத இசைத்தாளை முன்னால் வைத்ததும் வாசிப்பவருக்கே இடம் என்பது அவர் விதி. கேட்டு மனப்பாடம் செய்தவர்கள், ஒருவர் தடுமாறியதும் மொத்தமாக நின்றுபோனதை ஒரு பண்டிகையில் கண்டு நொந்திருந்தார்.

பனை பிடித்துக் காய்த்த விரல்கள் வாத்தியத்தின் துளைகளைச் சரியாக மூடவில்லை. காற்று கசிந்து கீச்சிட்டது. நேசையன் எண்ணெய் தடவி, கல்லில் உரசிக் காய்ப்பைத் தேய்த்தார். தொழிலுக்கு வேண்டிய தோலை இப்படி இழந்தது புத்திசாலித்தனமா என்பது வேறு கேள்வி. அந்த வருடம் மரமேறும்போது விரல்கள் வெடித்து ரத்தம் வந்தது.

தாள் அதைவிடக் கடினம். ஞாயிறு பள்ளியில் டோ ரே மி எழுத்துகளைப் பார்த்தே பாடி வளர்ந்தவர் அவர். ஐந்து கோட்டுத் தாள் கிடைத்ததும் ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே பென்சிலால் அந்த எழுத்தை எழுதினார். குமாரதாஸ் ரப்பரால் அழித்தார்.

“புள்ளியப் பாருங்க அண்ணாச்சி. எழுத்தைப் பாத்தா இது வாசிப்பில்ல.”

ஒரு வருடத்துக்குப்பின் சோதனை. உபதேசியாரின் மகள் இசபெல் ஆர்மோனியம் வாசிக்க, நேசையன் புதுத்தாளை ஒரு புள்ளி தவறாமல் வாசித்தார். ஆனால் இரண்டும் சேர்ந்து சண்டை போட்டன. எல்லோரும் சிரித்தார்கள். வயலின் மட்டுமே கற்ற குமாரதாஸுக்கும் காரணம் பிடிபடவில்லை.

“சுருதி சேரல்ல. அடுத்த வருசம் பாப்போம்.”

நேசையன் சிரிப்பைப் பொருட்படுத்தவில்லை. தான் தவறவில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் அது போதாது; ஏன் சேரவில்லை என்றும் தெரிய வேண்டும். மறுநாளே இசபெலிடம் போனார்.

“மக்கா, ஒவ்வொரு கட்டையா அமத்து. அதே சுரத்த நான் ஊதுறேன்.”

பத்தாவது கட்டையில் இசபெல் கண்ணை விரித்தாள். “மாமா, கறுப்பையும் சேத்து எண்ணினா, உங்க குழல் எப்பவும் ரெண்டு கட்டை கீழதான் கேக்குது!”

குற்றம் அவருடையதல்ல, குழலின் பிறவிக்குணம். ஆர்மோனியத் தாளிலிருந்து வாசிக்க வேண்டுமானால் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு படி உயர்த்தியே படிக்க வேண்டும். கூடவே இரண்டு சுரங்களை அரைப்படி ஏற்ற வேண்டும். கண் ஒன்றைக் காண, விரல் வேறொன்றைச் செய்ய வேண்டும். பனை சுரக்காத மாதங்கள் முழுவதும், கிடைத்த கீர்த்தனைத் தாள்களையெல்லாம் அப்படியே வாசித்துத் தள்ளினார்.

1933 அறுப்பின் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பு குமாரதாஸ் நாகர்கோவிலிலிருந்து வந்த தாளைப் பிரித்து வைத்தார். இசபெல் தொடங்கினாள். நேசையன் நுழைந்தார். முதல் அடியிலேயே இரண்டும் ஒன்றாய்ப் போயின. நான்காம் அடியில் இசபெல் தடுமாறி விரலை எடுத்துவிட்டாள். அவர் நிற்கவில்லை, தாளின் கடைசிக் கோடு வரை தனியே வாசித்தார்.

குமாரதாஸ் தாளைத் திருப்பி வைத்தார்.

“இன்னொண்ணு வைக்கவா, அண்ணாச்சி?”

“வையும், வாத்தியாரே. ரெண்டு வச்சாலும் சரி.”

குமாரதாஸ் வைக்கவில்லை. மூலையில் கிடந்த நாற்காலியைத் தூக்கி வந்து பாண்டின் முதல் வரிசையில் போட்டார்.