மூன்று நாள் வேலை

எங்கள் ஊருக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேன் காலை ஆறு மணிக்கு வரும். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நாற்காலி மேசை என்று நினைத்துவிட வேண்டாம். தரையில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தீக்குச்சியைச் சட்டத்தில் அடுக்க வேண்டும். எட்டு வருஷம், வாரத்துக்கு ஆறு நாள் அடுக்கினேன். முதுகு போச்சு, இடுப்பு போச்சு என்று புலம்பாத நாள் இல்லை. அப்புறம் மிஷின் வந்தது. வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்றார்கள். முதுகுவலி குறைந்தது, நெஞ்சுக்குள் ஒரு படபடப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

ஊரில் இருபத்துநாலு பெண்களை இரண்டு செட்டாகப் பிரித்தார்கள். எனக்குத் திங்கள், புதன், வெள்ளி. மற்றவர்களுக்கு மிச்ச மூன்று நாள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேர்தான் வேனில் ஏறலாம். முறைக்காரி ஒருத்தி வரவில்லையென்றால், அங்கே நிற்கிற அடுத்த செட்காரியை டிரைவர் ஏற்றிக்கொள்வார். அதனால் முறை இல்லாத நாளிலும் நாலு மணிக்கு எழுந்து, சோறு பொங்கி, தூக்குச்சட்டியோடு வேன் நிற்கிற தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நிற்போம். யாருக்காவது காய்ச்சல் கீய்ச்சல் வராதா என்று மனசு அடித்துக்கொள்ளும். வாய்விட்டுச் சொல்ல மாட்டோம், அவ்வளவுதான்.

வேன் போன பிறகு காட்டு வேலைக்காவது போகலாமென்றால் நிலம் வைத்திருக்கிற சம்சாரிகள் சேர்க்க மாட்டார்கள். "இன்னைக்குக் களை எடுக்க வருவ, நாளைக்கு வேன்ல ஏறிப் போயிருவ. உன்னை நம்பி நான் எப்படி ஆள் சேக்க?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான பேச்சுதான். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கோபத்தையெல்லாம் வீட்டில் கொண்டுபோய்க் கொட்டினேன். சைக்கிள் கடை வைத்திருந்த என் வீட்டுக்காரர், "மூணு நாள் மகராசி, மூணு நாள் பத்ரகாளி" என்று கேலி பண்ணுவார். ஒரு நாள் அதைக் கேட்டுக் கையிலிருந்த கரண்டியை வீசினேன். அது மகள் காலில் பட்டு வீங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கேட்டதற்குப் படியில் விழுந்துவிட்டேன் என்று சொன்னாளாம். எங்கள் வீட்டில் படியே கிடையாது.

எதிர் வீட்டு மதினி அடுத்த செட். சொந்தமில்லை, கூப்பிட்டுப் பழகிய முறை. புருஷன் பம்பாய்க்குப் போய் வருஷக்கணக்காகத் தகவல் இல்லை. ஒரே மகள், அவளுக்கு மூச்சிளைப்பு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடியதில் மதினிக்கு அடுத்தடுத்து இரண்டு முறை தவறிப்போனது. இரண்டு முறையும் அவள் இடத்தில் ஏறிப் போனது நான்தான். தொடர்ந்து மூன்று முறை வராவிட்டால் பேரை அடித்துவிட்டு, அந்த இடத்தை ஏறிப் போனவளுக்கே கொடுத்துவிடுவார்கள். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மூன்றாவது முறையன்று ஐந்தரை மணிக்கு என் வாசலில் வந்து நின்றாள். "ஏட்டி, பிள்ளைக்கு இப்பந்தான் மூச்சு சீராகுது. மருந்து குடுத்துட்டு ஓடியாந்துருதேன். வேன் வந்தா ரெண்டு நிமிசம் நிறுத்தி வைக்கச் சொல்லு."

"சொல்லுதேன் மதினி. நீங்க பிள்ளையைப் பாருங்க" என்றேன். அந்த நேரத்தில் சொல்லத்தான் நினைத்திருந்தேன்.

வேன் வந்தது. பதினொரு பேர் ஏறிவிட்டார்கள். டிரைவர் ஜன்னல் வழியாக என்னிடம், "அந்தக்கா வருதாகளா, இல்லையா?" என்று கேட்டார்.

"வரலை அண்ணாச்சி" என்றேன்.

வாய் தவறி வந்துவிட்டது என்று எத்தனையோ வருஷம் எனக்கே சொல்லிப் பார்த்தேன். இல்லை. யோசித்துத்தான் சொன்னேன். அவள் இடத்தில் ஏறி உட்கார்ந்து, வண்டி திரும்பும்போது பின் கண்ணாடியில் பார்த்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தூக்குச்சட்டியோடு மதினி ஓடி வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சாயங்காலம் என்னைத் தேடி வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். "நீ சொல்லியும் அந்த ஆளு நிறுத்தலையாக்கும்" என்றாள். வழி அவளே எடுத்துக் கொடுத்தாள். "எம்புட்டோ கத்துனேன் மதினி, காதுலயே வாங்கலை" என்றேன். மறுநாள் காலையில் வேனை மறித்து டிரைவரை அவள் வைத வசவு கொஞ்சநஞ்சமில்லை. அந்த மனுஷன் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு வண்டியை எடுத்தார்.

எனக்கு ஆறு நாள் வேலை கிடைத்தது. படபடப்பு நின்றது, வீட்டில் சிரிப்பு வந்தது, சாப்பிட்டது உடம்பில் ஒட்டியது. மதினி மிளகாய்ப் பழம் பறிக்க விளாத்திகுளம் பக்கம் போனாள். வாரக்கணக்கில் அங்கேயே தங்க வேண்டியிருந்ததால், மகளை என் வீட்டில்தான் விட்டுவிட்டுப் போவாள். ஊரில் அவள் நம்பியது என்னைத்தான். அந்தப் பிள்ளைக்கு மருந்து கொடுக்க ஒரு வேளைகூட நான் தவறியதில்லை. அதையும் இங்கே சொல்லிக்கொள்கிறேன் பாருங்கள், வெட்கங்கெட்டவள்.

அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனபோது, மதினி சம்பந்தக்காரர்கள் முன்னால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "எனக்காக வேன்காரன்கிட்ட மல்லுக்கு நின்னவ இவதான். கூடப் பிறந்தவகூடச் செய்ய மாட்டா. கால்ல விழுந்து கும்புடு தாயி" என்றாள். பெண் விழுந்தாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நல்ல நாளும் அதுவுமாக மதினியின் சந்தோஷத்தைக் கெடுக்கக் கூடாது என்று பேசாமல் இருந்ததாக வீட்டில் வந்து நினைத்துக்கொண்டேன். அதுவும் பொய்தான். அத்தனை பேர் முன்னால் அந்த நல்ல பேர் எனக்கு வேண்டியிருந்தது. குனிந்து, அந்தப் பிள்ளை நெற்றியில் திருநீறு பூசி, "நல்லா இரு" என்றேன்.