சுவரைக் கழுவித் தோற்ற முறைப்பாடு

எண்பதுகளின் நடுப்பகுதியில் நடந்தது இது. நாங்கள் கனடாவில் மொன்றியலுக்கு அகதியாக வந்து, முதல் குளிர்காலத்தை ஒருமாதிரிக் கடத்தி, இரண்டாவதில் கால் வைத்திருந்த நேரம். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு பழைய அடுக்குமாடியின் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். கணவர் உணவகத்தில் கோப்பை கழுவப் போய்விடுவார். நானும் இரண்டு வயது மகளும் வீட்டில்.

பக்கத்து வீட்டில் ஒரு மட்டக்களப்புப் பெண். என்னைவிட இளையவள், அவளுக்கும் ஒரு சின்ன மகன். அவளைக் கண்டாலே எனக்குப் பொறாமை. மூலைக்கடைக்காரனோடு பிரெஞ்சில் சிரித்துக் கதைப்பாள். நானோ ஒரு "பொன்ஜூர்" சொல்ல வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிட்டுப் போவேன். அவளுக்கு வீடு ஒதுக்கித் துப்புரவாக வைக்கத் தெரியாது என்பது ஒன்றுதான் எனக்கிருந்த ஆறுதல். யாழ்ப்பாணத்தில் என் அம்மா முற்றம் கூட்டுகிற கூட்டில் சோறு போட்டுத் தின்னலாம் என்று இரண்டு மூன்று தரம் அவளுடைய காதில் விழச் சொல்லியும் இருக்கிறேன்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே வெளிச்சுவர். குளிர் தொடங்கினால் அதில் தண்ணீர் வடியும், கறுப்பாகப் பூஞ்சணம் படரும். ஹீற்றர் பேருக்குத்தான் இருந்தது. மகளுக்கு இழுப்பு வந்துவிட்டது. மூச்சு எடுக்கும்போது அவளுடைய சின்ன நெஞ்சு உள்ளே போய் வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வீட்டுச் சொந்தக்காரர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நகரசபைக்குச் சொன்னோம். வந்து பார்க்கிறோம் என்றார்கள், ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

நகரசபை கவனிக்காவிட்டால் அதன் மேலேயே முறையிட ஓர் அலுவலகம் இருக்கிறது என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். எனக்குப் பயம். எங்கள் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. அரசாங்கத்தைப் பற்றி அரசாங்கத்திடமே கோள் சொல்வதா? ஆனாலும் அவள் செய்ய நான் பேசாமல் இருப்பதா? வீட்டுக்கு ஒன்றாக இரண்டு முறைப்பாடுகள் போட்டோம்.

விசாரிக்க ஒரு பெண் அதிகாரி வீட்டுக்கு வருகிறார் என்று அறிவித்தல் வந்தது. வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் எங்கள் சனம் என்ன செய்யும்? அதைத்தான் நானும் செய்தேன். கறை போக்குகிற ஜாவெல் தண்ணீர் ஊற்றிச் சுவரை உரஞ்சினேன். போகாத கறுப்புக்கு முன்னால் சோபாவை இழுத்துவிட்டு, மேலே பூப்போட்ட திரைச்சீலை தொங்கவிட்டேன். வருகிற மனுசி குளிரில் நடுங்கக்கூடாது என்று கேக் சுடுகிற அவணைப் போட்டு அதன் கதவைத் திறந்துவிட்டேன். கட்லட் பொரித்தேன். மகளுக்குப் பவுடர் பூசி, நல்ல சட்டை போட்டு இருத்தினேன். வீடு ஊத்தை என்று எழுதிவிட்டால் வழக்கு என்னாவது என்ற பயமும் உள்ளே இருந்தது.

அதிகாரி வந்ததும் கோட்டைக் கழற்றித் தந்தார். அதை வாங்கி மாட்டும்போது எனக்கு எவ்வளவு பெருமை! இரண்டு கட்லட் சாப்பிட்டார். பிள்ளை எப்படி நித்திரை கொள்கிறாள் என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். வந்த ஆளிடம் எடுத்த உடனே நோய் நொடி சொல்லலாமா? "நோ புரொப்ளம், மேடம்" என்று சிரித்தேன்.

பிறகு அவர் பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே போய் நெடுநேரம் வெளியே வரவேயில்லை. நான் கதவோடு காதை வைத்துக்கொண்டு நின்றேன். தலைகூட வாரி இழுக்காதவள், பால் விடாத ஒரு பிளேன்ரீகூடக் கொடுத்திருக்க மாட்டாள், அவளோடு அப்படி என்ன கதை? வயிறு எரிந்தது.

சில வாரங்களில் முடிவு வந்தது. அவளுடைய வீட்டு விஷயத்தில் நகரசபை தன் கடமையைச் செய்யவில்லை, உடனே சொந்தக்காரரைக் கொண்டு சுவரையும் ஹீற்றரையும் திருத்துவிக்க வேண்டும். என்னுடைய வீடு மிகச் சுத்தமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தது, முறைப்பாட்டுக்குக் காரணம் காணப்படவில்லை. கணவர் அதை வாசித்துவிட்டுச் சிரித்தார். நான் அவரோடு அன்று முழுக்கக் கதைக்கவில்லை.

அவளுடைய வீட்டில் வேலை தொடங்கியது. தட்டுகிற ஒவ்வொரு தட்டும் என் நெஞ்சில் விழுந்தது. வேலை முடிந்ததும் அவள் வந்தாள்.

"அக்கா, புள்ளைய எங்கட வீட்டில கொண்டுவந்து கிடத்துங்க. இப்ப நல்ல சூடா இருக்கு."

"எங்கட வீட்டுக்கு என்ன குறை?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினேன்.

என் வீறாப்பு மகளின் நெஞ்சுக்குத் தெரியுமா? அடுத்த கிழமை இழுப்பு கூடி, உதடு நீலம் பாரித்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிள்ளையை ஈரமில்லாத அறையில் வைத்திருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்களிடம் ஏது அப்படி ஓர் அறை? நேரே அவளுடைய கதவைத் தட்டினேன். அவள் பிள்ளையை வாங்கி, தன் மகனுக்குப் பக்கத்தில் கிடத்தினாள். மகள் நிம்மதியாக நித்திரை கொண்டாள். உண்மையைச் சொன்னால், அதைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் கூட எரிந்தது. என் பிள்ளையின் நித்திரையும் அவளுடைய வீட்டிலா?

என் வீட்டைத் திரும்பப் பார்க்கச் சொல்லிக் கேட்க அலுவலகத்துக்கு ரெலிபோன் எடுத்ததும் அவளே. மறுபடி அதிகாரி வருவதற்கு முதல்நாள் நான் வாளியும் கையுமாக நிற்கும்போது வந்துவிட்டாள்.

"அக்கா, வாறவ விருந்தாளி இல்ல. டொக்டர் மாதிரி. டொக்டரிட்டப் போகக்குள்ள புண்ணுக்குப் பவுடர் பூசிட்டா போவீங்க?"

வாளி, ஜாவெல் போத்தல், துடைக்கிற துணி எல்லாவற்றையும் பிடுங்கித் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். சோபாவையும் இழுத்து நடுவில் விட்டாள். எனக்குத் துணியில்லாமல் தெருவில் நிற்கிறது போல இருந்தது.

அடுத்த நாள் அதிகாரி வந்தார். அவண் போடவில்லை, கட்லட் இல்லை, சுவர் கறுத்துக் கிடந்தது. இந்த முறை அவர் கோட்டைக் கழற்றவில்லை. வாங்கி மாட்டப் போன என் கை பாதியில் நின்றது. என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வாசலில் நின்றாள். அதிகாரி அதே கேள்வியைக் கேட்டார். பிள்ளை எப்படி நித்திரை கொள்கிறாள்?

"இந்த வீட்டில் அவள் நித்திரை கொள்வதில்லை. அந்த வீட்டில்தான்" என்று பக்கத்து வீட்டைக் காட்டினேன். அவளுக்கு முன்னால் அதைச் சொல்வதைவிட இரண்டு குளிர்காலத்தை வெறுங்காலில் கடந்திருப்பேன்.

முடிவு மாறியது. பனி உருகுவதற்கு முன் எங்கள் சுவரும் காய்ந்தது, மகள் என் பக்கத்தில் திரும்பப் படுத்தாள்.

இப்போது மொன்றியலுக்குப் பக்கத்தில் லவாலில் இருக்கிறோம். ஆராவது சுகம் கேட்டால் "ஒரு பிரச்சினையும் இல்லை" என்றுதான் இன்றும் என் வாய் முந்துகிறது. அப்போதெல்லாம் வாளியைப் பிடுங்கிக்கொண்டு போன அவளுடைய முதுகு ஞாபகம் வரும். பிரெஞ்சும் மற்றதும் போகட்டும், நோகிற இடத்தை ஊரறியத் திறந்து காட்டுகிற அவளுடைய துணிவின் மேல் எனக்கு இன்றைக்கும் பொறாமைதான், அந்தப் பொறாமை தீரவே வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.