நன்மைக்கு எத்தனை கலோரி?

பன் வேகிற வாசனை.

பஜார் ரொட்டிக்கடை அடுப்பிலிருந்து காலை மூடுபனிக்குள் அது இறங்கி வரும்போது, கொடைக்கானலே ஒரு சூடான பன்னுக்குள் ஒளிந்திருப்பதுபோல் இருக்கும். இன்றும் அப்படித்தான். ஒன்று வாங்கினேன். தின்னத்தான் தோன்றவில்லை... பக்கத்தில் நின்று கேலி செய்ய சுல்தான் மாமா இல்லையே!

உருளைக்கிழங்கு மண்டி சுல்தான் ராவுத்தர் எனக்கு மாமா. நான் அவருக்கு மாப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் மதம் வேறானாலும் முறை மாறாது. இருவருக்கும் பொதுச் சொத்து இன்னொன்றும் உண்டு — தொந்தி.

இந்தக் கோடையில் டாக்டரம்மா இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொன்னார். என்னிடம், "குறைத்தால் நல்லது." மாமாவிடம், "குறைத்தே ஆகவேண்டும். இந்த எடையோடு இந்த உயரத்தை உங்கள் இதயம் தாங்காது. மழை வருவதற்குள் இளைக்காவிட்டால் கீழே இறங்கிவிடுங்கள்."

மலையை விட்டு இறங்குவதா? ஏரியில் முகம் பார்த்தே வளர்ந்த மனிதர்!

ஆளுக்கொரு கலோரி அட்டை கிடைத்தது. முட்டை இவ்வளவு, வெண்ணெய் இவ்வளவு... பணியாரம் எங்கே? இல்லை. ஆனாலும் எண்ணத் தொடங்கினேன். மாமா அட்டையைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏன் மாப்ளே, தின்னுக்கிட்டே எண்ணுறதுக்கு, திங்காமக் கெடந்துட்டா சோலி முடிஞ்சுச்சுல்ல?"

திங்களும் வியாழனும் நோன்பு வைத்தார். விடியுமுன் கொஞ்சம் உணவு. பிறகு பொழுது சாயும்வரை தண்ணீர்கூடக் கிடையாது.

மூட்டை நிறுக்கும் தராசில்தான் எங்கள் பந்தயம். முதலில் இரண்டு பேருமே இளைத்தோம். மாமா ஏரியைச் சுற்றி நடந்தார். ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் பேசினார். "மலை என்னைய விடாது மாப்ளே" என்றார்.

அப்புறம் தராசு முரண்டு பிடித்தது.

ஏன்? நோன்பாளி நோன்பு துறக்க ஒரு வாய் உணவு கொடுப்பவருக்கும் நன்மை, அதாவது புண்ணியம், சேரும். பஜார் சும்மா இருக்குமா? பொழுது சாய்ந்ததும் ஒரு கடையிலிருந்து சமோசா, ஒரு வீட்டிலிருந்து அல்வா...

"ராவுத்தரே, எங்க வீட்டு வடையிலயும் ஒரு வாயி. எங்களுக்கும் நன்மை கெடைக்கட்டுங்க!"

மறுத்தால் அடுத்தவர் நன்மையைத் தட்டிப் பறித்ததாகாதா? மாமா மறுக்கவில்லை.

நான் சிரித்தேன். மாமா என் வீட்டு மேஜையைப் பார்த்தார்.

"அது என்னலே டப்பா?"

"பஞ்சாமிர்தம் மாமா. பழனிக்குப் போயிட்டு வந்தவங்க கொடுத்தது."

"அதுக்கு எத்தனை கலோரி?"

"பிரசாதம் மாமா! அதைப் போயி யாராச்சும் எண்ணுவாங்களா?"

"அதானே! ஊரே பழனிக்குப் போயிட்டு வருது... உன் தொந்தி எங்கிட்டு வத்தும்?"

பட்டினியா, கணக்கா — எதில் இளைத்தால் நிலைக்கும் என்று கேட்பீர்கள். எனக்கு என்ன தெரியும்? வாயைக் கட்டலாம். அன்பாக நீளும் கையை எதைக் கொண்டு கட்டுவது?

மழை வந்துவிட்டது. மாமாவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்ட டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். மலைக்குக் கீழே வத்தலக்குண்டில் மகன் வீடு இருக்கிறது. அங்கே போவதென்று முடிவாயிற்று.

போன வியாழக்கிழமை பெருமாள்மலைவரை கூடப் போனேன். பஸ் அங்கே டீக்கு நின்றது. மாமா இறங்கவில்லை. வந்த பாதையை மேகம் கொஞ்சம் கொஞ்சமாக மூடுவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே இருந்தார்.

கீழே நின்றபடி, என் பையிலிருந்த பன்னை நீட்டினேன். நீட்டிய பிறகுதான் கிழமை நினைவுக்கு வந்தது. கையை இழுத்தேன். அவர் விடவில்லை. பன்னை வாங்கித் துண்டில் முடிந்துகொண்டார்.

"பொழுது சாயவும் இதுலதான் நோன்பு தொறப்பேன்."

பஸ் உறுமியது. ஜன்னல் வழியே அவர் தலையை நீட்டினார்.

"கலோரி எனக்கு மாப்ளே... நன்மை உனக்கு!"