முதலில் நிறுத்தக் கற்றவர்கள்

சென்ற வாரம் கண்டிச் சந்தையில் தேயிலை வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் பெட்டியின் அடியில் கிடந்ததைச் சாக்கின் மேல் கவிழ்த்தார். கிளம்பிய தூசியில் எனக்கு ஆறேழு தும்மல். "வயசாயிடுச்சுங்க உங்களுக்கு" என்று சிரித்தார் அவர். வயது காரணமில்லை. என் மூக்குக்கும் தேயிலைத் தூசிக்கும் நாற்பது வருடப் பகை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், கண்டி மலைப்பக்கம் கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்து ஸ்டோரில் கிளாக்கராக இருந்தேன். தேயிலைத் தொழிற்சாலைக்கு அங்கே ஸ்டோர் என்றுதான் பெயர். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கோட்டு, சரிகைக் கரை போட்ட ஒரு சால்வை, இவற்றோடு வந்திறங்கியவன் நான். அந்தத் தூசி காலையில் தின்னும் பாணுக்குள் போகும், தலையணைக்குள் போகும். விடுமுறைக்கு ஊருக்குப் போனால், எத்தனை முறை தோய்த்தாலும் வேட்டியில் தேயிலை மணக்கிறதென்று அம்மா முறையிடுவா.

தூசி அதிகம் பறப்பது சலிக்கும் அறையில். ஒன்பது பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து கைச் சல்லடையால் சலிப்பார்கள். மலை ஏறிக் கொழுந்து பறிக்க முடியாதவர்களுக்குக் கொடுத்த வேலை அது. கைக்குழந்தைக்காரிகள் ஆறு பேர், முழங்கால் போன இரண்டு பேர், மழையில் நின்றால் மூச்சிழுப்பு வரும் சிவகாமி. சிவகாமிக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசமாட்டாள். பேசினால் மற்றவர்கள் சல்லடையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

ஒரு நாள் சலிக்கும் மிஷின் வந்து இறங்கியது. கூரைக்குக் கீழே சுழலும் இரும்புத் தண்டிலிருந்து ஒரு தோல்வார் இறங்கி அதை ஓட்டும். ஓடத் தொடங்கினால் பலகைத் தளமே நடுங்கும். அடுத்த தோட்டமொன்றில் இப்படி ஒரு வாரில் ஒரு பெண்ணின் கூந்தல் சிக்கிய கதை தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயங்களில் எல்லோருக்கும் தெரியும். பெண்கள் மிஷினுக்குப் பக்கத்தில் போக மறுத்துவிட்டார்கள்.

தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை என்னைக் கூப்பிட்டார். ஒரு வாரம் தருகிறேன், அவர்களோடு பேசு, சம்மதிக்காவிட்டால் ஒன்பது பேரும் மலைக்கு, அந்த இடத்துக்கு ஆண்கள் என்றார். அது ஆடி மாதம். மலையில் விடாத மழை.

இரவெல்லாம் யோசித்து ஒரு பிரசங்கம் தயாரித்தேன். ஒரு தேயிலைப் பெட்டிமேல் ஏறி நின்று அதைச் செய்தேன். அதில் 'முன்னேற்றம்' என்ற சொல் நாலு இடத்தில் வந்தது என்று இன்றைக்கும் வெட்கத்தோடு ஞாபகம் இருக்கிறது. "பயப்பிடாதேங்கோ. ஒண்டும் நடவாது" என்று முடித்தேன்.

சிவகாமி எழுந்தாள். "அய்யா அதுகிட்ட நின்னு வேல பாத்திருக்கீங்களா?"

"இல்லை."

"அப்ப ஒன்னும் நடக்காதுன்னு எப்புடிங்கய்யா தெரியும்?"

பெட்டியிலிருந்து இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலை ரோஷத்தோடு மிஷினுக்கு முன்னால் போய் நின்றேன். பெண்கள் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் ஓட்டுபவர் அக்குறணைக்காரர், எல்லோருக்கும் அண்ணன் முறையில் ஹமீது நானா. எஞ்சின் அறைக்குப் போகும் முன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, அந்தச் சால்வையக் கழட்டி வெச்சிட்டு நில்லுங்களேன்."

பெண்களுக்கு முன்னால் சால்வையைக் கழற்றினால் கிளாக்கர் என்ற மதிப்பு என்னாவது? சிரித்து மழுப்பிவிட்டேன்.

கால் மணி நேரம் நன்றாகத்தான் போனது. தட்டில் தேயிலையைக் கொட்டக் குனிந்தேன். சால்வையின் நுனியை வார் பிடித்துக்கொண்டது. கழுத்தைச் சுற்றி இறுகியது. கத்தினேனா என்று தெரியாது, கத்தியிருந்தாலும் அந்த இரைச்சலில் ஹமீது நானாவுக்குக் கேட்டிருக்காது. என் கன்னம் இரும்புக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தபோது வார் சட்டென்று தளர்ந்தது.

சிவகாமி ஓடிவந்து பக்கத்திலிருந்த மரக்கட்டையைத் தள்ளியிருந்தாள். அதைத் தள்ளினால் வார் வெறும் சக்கரத்துக்கு நகர்ந்துவிடும், மிஷின் நின்றுவிடும். மிஷினைப் பொருத்திய நாள் ஹமீது நானா அப்படிச் செய்ததை வாசலிலிருந்து பார்த்து வைத்திருக்கிறாள்.

நான் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். அவள் கட்டையில் வைத்த கையை எடுக்கவில்லை.

"இத தள்ளுனா நின்னுடுதேங்கய்யா. இத ஏன் எங்களுக்கு மொதல்ல சொல்லல?"

எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை.

"ஓட்டறத அப்புறமாச் சொல்லிக் குடுங்க. நிறுத்தறத மொதல்ல கத்துக்கிறோம்."

மத்தியானம் துரையிடம் போனேன். இன்னும் ஒரு வாரம் கேட்டேன். வாரைச் சுற்றிப் பலகை மறைப்பும், கட்டையில் கட்டித் தட்டின் இரு பக்கமிருந்தும் எட்டி இழுக்கும்படி ஒரு கயிறும் கேட்டேன். நிறுத்துவதைப் பழக்கிய பிறகே ஓட்டுவதைப் பழக்கலாம் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்தது. "நல்ல மூளை. உன் யோசனையா?" என்றார். ஆமென்று சொல்லிவிட்டேன்.

அந்த வாரம் முழுவதும் ஹமீது நானா மிஷினை ஓட்டுவார், ஒவ்வொரு பெண்ணாக வந்து கயிற்றை இழுத்து நிறுத்துவாள். முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்கள். மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டு இழுத்தார்கள். முழங்கால் போன கிழவி ஒருத்தி தேவையில்லாமல் நாலைந்து தரம் நிறுத்திப் பார்த்தாள். "கெழவி, எஞ்சின் அழுவுது!" என்று ஹமீது நானா கத்தினார். அடுத்த திங்கட்கிழமை, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒன்பது பேரும் தாங்களாகவே மிஷினுக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஒருத்தியும் மலைக்குப் போகவில்லை. மற்றத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்து கயிற்றைப் பார்த்துப் போனார்கள். அவர்களிடமும் நான்தான் விளக்கினேன், சால்வை இல்லாமல்.

சில வருடங்களுக்கு முன் சிவகாமியைக் கண்டி ரயில் நிலையத்தில் பார்த்தேன். தோட்டத் தொழிலாளர்களை இரண்டு அரசாங்கங்கள் பங்கிட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி, இந்தியாவுக்குப் போகச் சொல்லிக் காகிதம் வந்திருந்தது. பிறந்ததும் பிள்ளை பெற்றதும் கலஹாவில், போவதோ கண்ணால் கண்டிராத ஊருக்கு. தகரப் பெட்டிகள், பாய்ச் சுருள்கள், பேரப்பிள்ளைகள் நடுவே நரைத்த தலையோடு நின்றாள். பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

"சிவகாமி, நிறுத்தப் பழக்கிற யோசனை என்ரை எண்டுதான் துரைக்குச் சொன்னனான்."

"அன்னைக்கே தெரியுங்கய்யா" என்றாள். "நான் சொன்னதுன்னா அவுக பலக அடிச்சிருப்பாகளா?" பிறகு ரயிலைப் பார்த்தாள். "இதுக்குந்தான் எங்கள ஆரும் கேக்கல."

கப்பல்துறைக்குப் போகும் தலைமன்னார் வண்டி போய்விட்டது. அந்த ஒன்பது குடும்பங்களில் இரண்டுதான் இப்போது இங்கே மிச்சம். போன மாதம் கலஹா பஸ்ஸில் ஏறி ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். சிவகாமி குடியிருந்த லயத்துக் காம்பராவுக்குக் கதவில்லை. உள்ளே யாரோ விறகு அடுக்கி வைத்திருக்கிறார்கள்.