மிளகாய் இல்லாத வீடு

வயிற்றுப்புண் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே என் மனைவி மிளகாய்த்தூள் டப்பாவையும் ஊறுகாய் பாட்டிலையும் எதிர் ஃபிளாட்டுக்குக் கொடுத்துவிட்டாள். நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். கோழிக்குழம்பு சிவப்பாக இல்லாவிட்டால் தட்டைத் தொடாத குடும்பம். பட்டாபிராமிலிருந்து அம்பத்தூர் கம்பெனிக்குப் போய்வருகிற எனக்கு, அன்றிலிருந்து காலையில் கஞ்சி, மதியம் மோர்சாதமும் வேகவைத்த சுரைக்காயும், இரவு வெறும் இட்லி.

தனியாகச் சமைத்தால் எனக்கு ஆசை வரும் என்று அவளும் மகளும் அதையே சாப்பிட்டார்கள். பத்தாவது படிக்கிற பெண். சுரைக்காயைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போய், கடைசியில் விழுங்கிவிட்டு எழுந்துபோவாள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வெளியிலும் தப்ப முடியவில்லை. ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் ஒரு சாயங்காலம் மசால்வடைக்குக் கை நீட்டினேன். கடைக்காரர் தட்டை நகர்த்திவிட்டார்.

"உனக்கு வடை கெடையாது சார். ஊட்ல அக்கா வந்து சொல்லிட்டுப் போச்சு."

"ஒண்ணே ஒண்ணுங்க."

"வேணா சார். அது கண்ணு கலங்கிகினு சொல்லிச்சு. பன்னு கீது, துன்றியா?"

பன்னைத் தின்றுகொண்டு, ரயிலிறங்கிப் போகிறவர்களைப் பார்த்தபடி நின்றேன்.

மாத்திரைகள் முடிந்து மறுபடி போனபோது டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். புண் ஆறிவிட்டது என்றார். "கிருமிதான் காரணம், அது போயிடுச்சு. வெறும் வயித்தோட இருக்காதீங்க. தலைவலிக்கு நீங்களா மாத்திரை வாங்கிப் போடாதீங்க. மத்தபடி ஒத்துக்கிறதைச் சாப்பிடுங்க. தொந்தரவு பண்ணலைன்னா காரமும் அளவா சேர்த்துக்கலாம்."

மனைவி தலையாட்டினாள். மறுநாள் தட்டில் அதே சுரைக்காய்.

"டாக்டர் சொன்னதைக் கேட்டேல்ல?" என் குரல் உயர்ந்துவிட்டது.

அவள் கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "எங்கப்பாவுக்கும் ஆறிருச்சுன்னுதான் சொன்னாங்க. மீன்கொழம்பு கேட்டாரு. அம்மா வேண்டாம்னுச்சு. நான்தான் ஊத்துனேன், ஸ்கூல் படிக்கிறப்ப. சாயங்காலம் ரத்தமா வாந்தி எடுத்தாரு. அதனாலதான்னு எனக்குத் தெரியாது. ஆனா ஊத்துன கை இதுதான்."

அவளுடைய அப்பா வயிற்றுவலியில் போனார் என்று மட்டும்தான் கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரியும். மீதியைக் கேட்டபிறகு எதை வைத்துச் சண்டை போடுவது? மோரை ஊற்றிப் பிசைந்தேன். அதற்கப்புறம் வெளியே சாப்பிடக்கூட மனம் வரவில்லை. டீக்கடைக்காரர் தடுக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

சில வாரங்கள் கழித்து அவளாகவே மிளகு தட்டிப் போட்டு ரசம் வைத்தாள். மகளுக்கு நிறைய ஊற்றினாள். எனக்கு அரைக் கரண்டி. நான் சாப்பிடச் சாப்பிட, எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கில் காரம் ஏறி, கண்ணில் நீர் கோத்தது. அவள் பயந்துவிடுவாளே என்று சட்டென்று மகள் பக்கம் திரும்பி, பரீட்சை எப்போது என்று கேட்டேன்.

"போன வாரமே முடிஞ்சிருச்சுப்பா" என்றாள் மகள்.